கருக்குட்டியின் இன்சுலின் சுரப்பை அளப்பது எப்படி: செம்மறி ஆட்டில் குளுக்கோஸ் கிளாம்ப், படிப்படியாக

சினை செம்மறி ஆட்டின் வயிற்றில் இருக்கும் கருக்குட்டிக்குக் குளுக்கோஸ் ஏற்றி, அதன் கணையம் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. இரத்தக் குளுக்கோஸை ஓர் இலக்கு அளவில் அசையாமல் பிடித்து நிறுத்துவதால் இதற்குக் கிளாம்ப் என்று பெயர். தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டி வருவதில்லை. எனவே கருக்குட்டியின் இரத்தத்தில் காணும் இன்சுலின் அதன் சொந்தச் சுரப்பு. குளுக்கோஸ் அப்படியல்ல, நலமான கருக்குட்டியில் அது ஏறக்குறைய முழுக்கத் தாயிடமிருந்து வருவது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே உள்ள படிகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கருவில் அறுவை செய்து பழகிய கால்நடை மருத்துவரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே இந்த வழிகாட்டி தொடங்குகிறது. அறுவை நுட்பம் இங்கே இல்லை. கதீட்டர்களை, அதாவது இரத்தக் குழாய்க்குள் செருகும் மெல்லிய குழாய்களை, வைத்து முடித்த பிறகு நடப்பவைதான் இதில் உள்ளன.

1. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டிய இரண்டு முடிவுகள்

முதலாவது, கருவின் வயது. செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாட்கள். 130 முதல் 135 நாளுக்குள் சோதனையை முடிப்பது நல்லது. அதற்கு மேல் தள்ளினால், பிறப்புக்கு முன் வரும் கார்ட்டிசால் (அட்ரீனல் ஹார்மோன்) ஏற்றம் குறுக்கிடும். அது குளுக்கோஸ், இன்சுலின் இரண்டையுமே மாற்றும். ஒப்பிடும் இரு குழுக்களுக்கும், அதாவது நலமான கருக்குட்டிகளுக்கும் நஞ்சுக்கொடி பழுதுபட்டு வளர்ச்சி குன்றிய கருக்குட்டிகளுக்கும், இடையே வயது வித்தியாசம் ஓரிரு நாளுக்குள் இருக்கட்டும்.

இரண்டாவது, இலக்கு. நலமான கருக்குட்டியின் தமனிப் பிளாஸ்மா குளுக்கோஸ் 1.0 முதல் 1.2 மி.மோல்/லிட்டர் வரை இருக்கும். தாய்க்கு அது சுமார் 3.5 முதல் 4. கிளாம்ப் இலக்காக 2.4 மி.மோல்/லிட்டர் வைப்பது வழக்கம், அதாவது அடிப்படை அளவின் இரு மடங்கு. வளர்ச்சி குன்றிய கருக்குட்டிகளில் அடிப்படை அளவே குறைவாக இருக்கும். அங்கே "எல்லோருக்கும் 2.4" என்பதா, "அவரவர் அடிப்படையின் இரு மடங்கு" என்பதா? கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல் உணர்வது இரத்தத்தில் உள்ள அளவைத்தான், மடங்கை அல்ல. ஆகவே எல்லாக் குட்டிக்கும் ஒரே இலக்கு என்பதே சரி. எதைத் தேர்ந்தாலும், எண்கள் கைக்கு வருவதற்கு முன்பே அதை எழுதி வைத்துவிடுங்கள்.

தாய்க்குக் குளுக்கோஸ் ஏற்றிக் கருவுக்குப் போகவிடலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். நஞ்சுக்கொடி பழுதுபட்ட குழுவில் குளுக்கோஸ் கடப்பது குறைவாக இருப்பதால், அந்தக் குட்டி இலக்கை எட்டாமலே போகலாம். கருக்குட்டிக்கு நேரடியாக ஏற்றினால்தான் இரு குழுக்களும் ஒரே அளவில் நிற்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கருக்குட்டிக்கு ஒரு தமனிக் கதீட்டர், இரண்டு சிரைக் கதீட்டர்கள். தமனி மாதிரி எடுக்க மட்டும். ஒரு சிரை டெக்ஸ்ட்ரோஸுக்கு (குளுக்கோஸின் மறுபெயர்), மற்றது இரத்த ஈட்டுக்கும் (எடுத்த இரத்தத்துக்குப் பதிலாக ஏற்றுவது) ஆர்ஜினினுக்கும். ஆர்ஜினின் ஓர் அமினோ அமிலம்; குளுக்கோஸை உணரும் பாதையைச் சாராமல் இன்சுலின் சுரப்பைத் தூண்டிப் பார்க்க உதவுவது. டெக்ஸ்ட்ரோஸ் போகும் குழாயில் மாதிரி எடுத்தால் குளுக்கோஸ் பல மடங்கு கூடித் தெரியும். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சந்தேகம் போகாது. தாய் ஆட்டுக்கும் ஒரு தமனி, ஒரு சிரை வேண்டும்.

ஒவ்வொரு கதீட்டரின் உள்கொள்ளளவையும் அறுவைக்கு முன்பே அளந்து, அதன் மேல் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு எண் இல்லாமல் கெட்டுப்போகும் சோதனைகள் அதிகம். ஏன் என்பது 6ஆம் படியில் வருகிறது.

குளுக்கோஸை அளக்க, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி பதித்த ஆய்வகப் பகுப்பாய்வி வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் விரல்நுனிக் குளுக்கோமீட்டர் இதற்கு உதவாது. அவற்றில் பலவற்றின் அடி எல்லை 20 மி.கி./டெ.லி., அதாவது 1.1 மி.மோல்/லிட்டர். நலமான கருக்குட்டியின் இயல்பு அளவே அங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, கருவின் இரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பல பட்டைகள் அந்த நிலையில் குளுக்கோஸைக் கூட்டிக் காட்டும். பொதுவாகச் சர்க்கரைகளின் ஒடுக்கும் திறனை அளக்கும் பழைய வேதிமுறைகளும் வேண்டாம். செம்மறிக் கருவின் இரத்தத்தில் ஃபிரக்டோஸ் குளுக்கோஸை விடப் பல மடங்கு அதிகம்; அவை இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும்.

இவை தவிர இரத்த வாயுப் பகுப்பாய்வி, இரண்டு சிரிஞ்ச் பம்புகள், குளிரூட்டும் சென்ட்ரிஃப்யூஜ், பனிக்கட்டிப் பெட்டி, EDTA (இரத்தம் உறையாமல் தடுப்பது) பூசிய குழாய்கள் தேவை.

3. கரைசல்களும் கணக்கும்

33% டெக்ஸ்ட்ரோஸ், சலைனில். ஒரு மில்லியில் 330 மி.கி. புட்டியில் இருப்பது நீரற்ற டெக்ஸ்ட்ரோஸா, மோனோஹைட்ரேட்டா என்று பாருங்கள். மோனோஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 198, நீரற்றதற்கு 180. மோனோஹைட்ரேட்டை நீரற்றது என்று நினைத்து எடை போட்டால் குளுக்கோஸ் 9% குறையும். இந்தக் கரைசல் மிகவும் அடர்ந்தது. எக்காரணம் கொண்டும் தமனியில் ஏற்றக் கூடாது.

3 கிலோ எடையுள்ள கருக்குட்டிக்கு:

முதல் போலஸ் (ஒரே தடவையில் செலுத்தும் அளவு) கிலோவுக்கு 180 மி.கி. வீதம் 540 மி.கி. அது 1.64 மி.லி.

தொடர் ஏற்றத்தை கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மி.கி. என்று தொடங்கினால், நிமிடத்துக்கு 30 மி.கி., மணிக்கு 1,800 மி.கி. பம்பில் வைக்க வேண்டியது மணிக்கு 5.45 மி.லி. இது தொடக்க வேகம் மட்டுமே. பிறகு இரத்த அளவைப் பார்த்து மாற்ற வேண்டும்.

ஆர்ஜினின் கிலோவுக்கு 0.5 மி.மோல் வீதம் 1.5 மி.மோல். ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடாக 316 மி.கி. ஹைட்ரோகுளோரைடு வடிவத்தையே வாங்குங்கள். வெறும் ஆர்ஜினின் கரைசல் கடுமையான காரத்தன்மை உடையது. நடுநிலையாக்காமல் ஏற்றினால் கருவுக்கு ஆபத்து. ஹைட்ரோகுளோரைடை எடை போடும்போது 174 என்ற எண்ணை வைத்துக் கணக்கிட்டால் மருந்து 17% குறைந்துவிடும். மூலக்கூறு எடை 210.7.

கருவின் எடை இந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது; சினை நாளை வைத்து மதிப்பிடுவதுதான். மதிப்பிட்ட எடையைக் குறித்து வையுங்கள், கடைசியில் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

4. அறுவைக்கும் சோதனைக்கும் இடையில்

குறைந்தது ஐந்து நாட்கள் இடைவெளி. மயக்க மருந்தும் அறுவையின் அழுத்தமும் கருவின் அட்ரீனல் ஹார்மோன்களை உயர்த்திவிடும்; அவை இறங்க நேரம் கொடுக்க வேண்டும். தினமும் கதீட்டர்களை ஹெபாரின் சலைனால் கழுவி, தாய் தீவனம் தின்கிறதா என்று பாருங்கள். தீவனத்தை வெறுக்கும் தாயின் குளுக்கோஸ் இறங்கும்; கூடவே கருவின் குளுக்கோஸும் இறங்கும். சோதனை நாளுக்காகத் தாயைப் பட்டினி போடக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

செம்மறி மந்தை விலங்கு. தனியே அடைத்தால் பதறும். அது பார்க்கும் தூரத்தில் இன்னொரு ஆடாவது நிற்கட்டும். சோதனைக்கான கூண்டில் முன்னதாகவே பழக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதீட்டர் கழன்றது, தையல் போட வேண்டும் என்று சைலசின் என்ற மயக்க மருந்தைக் கொடுப்பார்கள். சைலசினும் மெடெட்டோமிடினும் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டுபவை. பீட்டா செல்லின் மேல் இருக்கும் அதே ஏற்பிகள்தான் இன்சுலின் சுரப்பை அடக்குகின்றன. ஆட்டைப் பார்த்தால் தெளிந்து நிற்கும். கணையம் இன்னும் அடங்கியிருக்கும். அந்த மருந்து கொடுத்த நாளில் சோதனை வேண்டாம்.

5. சோதனை நாள் காலை: இரத்த வாயு சொல்வதைக் கேளுங்கள்

புதியவர்கள் அவசரமாகக் கடந்துபோகும் படி இது. முழுச் சோதனையின் பொருளும் இதைத்தான் சார்ந்திருக்கிறது.

கருவின் தமனி இரத்தத்தில் அரை மில்லி எடுத்து வாயுப் பகுப்பாய்வியில் விடுங்கள். பகுப்பாய்வியின் வெப்பநிலைத் திருத்தத்தை 39.1 டிகிரி செல்சியஸ் என்று மாற்றியிருக்க வேண்டும். செம்மறிக் கருவின் உடல் வெப்பம் அது. 37 என்றே விட்டுவிட்டால் ஆக்சிஜன் அழுத்தம் சில மி.மீ. குறைத்துத் தெரியும், நலமான குட்டியை நோயாளி என்று எழுதிவிடுவோம்.

நலமான கருக்குட்டியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 20 முதல் 24 மி.மீ. பாதரசம், அமிலகார அளவு (pH) 7.35க்கு அருகில், லாக்டேட் சுமார் 2 மி.மோல்/லிட்டர். வளர்ந்த விலங்கின் எண்களோடு பழகியவர்களுக்கு 22 மி.மீ. என்பது பயமூட்டும். கருவுக்கு அது இயல்பு.

ஆக்சிஜன் குறைந்தால் கருவின் அட்ரீனல் நார்எபிநெஃப்ரினைக் கொட்டும். அது ஆல்ஃபா-2 ஏற்பி வழியாகப் பீட்டா செல்லை அடக்கிவிடும். அப்போது எவ்வளவு குளுக்கோஸ் ஏற்றினாலும் இன்சுலின் ஏறாது. அதைப் பார்த்துவிட்டு "இந்தக் கருவின் கணையம் பழுது" என்று எழுதினால், நாம் அளந்தது கணையத்தை அல்ல, மூச்சுத் திணறலை.

ஆகவே நலமான குழுவில் அமிலகார அளவு 7.30க்குக் கீழே போனாலோ, லாக்டேட் 4ஐத் தாண்டினாலோ, முந்தைய நாளை விட ஆக்சிஜன் அழுத்தம் சட்டென்று விழுந்திருந்தாலோ, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வளர்ச்சி குன்றிய குழுவில் ஆக்சிஜன் குறைவு என்பது நாம் படிக்கும் நிலையின் ஒரு பகுதி. அங்கே சோதனையைக் கைவிட முடியாது. அதற்குப் பதிலாக நார்எபிநெஃப்ரினுக்கும் சேர்த்து மாதிரி எடுத்தே தீர வேண்டும்.

6. குழாயை நிரப்புதல், இரத்த ஈடு, அடிப்படை மாதிரிகள்

கதீட்டரின் உள்கொள்ளளவு 1.5 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது ஹெபாரின் சலைன். 1.64 மி.லி. போலஸை அப்படியே தள்ளினால் கருவுக்குள் போவது 1.5 மி.லி. சலைனும் 0.14 மி.லி. டெக்ஸ்ட்ரோஸும்தான். பிறகு பம்பை மணிக்கு 5.45 மி.லி. வேகத்தில் ஓட்டினால், குழாயில் நிற்கும் போலஸின் மிச்சம் கருவைச் சேர்ந்து முடிக்க 16 நிமிடத்துக்கு மேல் ஆகும். குளுக்கோஸ் ஏறவில்லையே என்று பதறி வேகத்தைக் கூட்டுவார்கள்; அரை மணி கழித்து அது 4ஐத் தாண்டி நிற்கும்.

சரியான முறை: சிரைக் கதீட்டரில் இரத்தம் வரும்வரை சலைனை இழுத்து வெளியே எடுங்கள். குழாயின் கொள்ளளவுக்குச் சரியாக டெக்ஸ்ட்ரோஸை நிரப்புங்கள். இதை அடிப்படை மாதிரிகள் எல்லாம் முடிந்த பிறகு, போலஸுக்குச் சற்று முன்பு மட்டுமே செய்யுங்கள். முன்கூட்டியே நிரப்பினால் நுனியிலிருந்து கசிந்து அடிப்படை அளவைக் கெடுக்கும்.

இரத்த இழப்பையும் கணக்கிடுங்கள். முழுச் சோதனைக்கும் ஏறக்குறைய 25 மி.லி. இரத்தம் போகும். 3 கிலோ கருவின் மொத்த இரத்தத்தில் அது சுமார் பதின்மூன்றில் ஒரு பங்கு. தாயின் இரத்தத்தை ஹெபாரின் சேர்த்து எடுத்து, மற்ற சிரை வழியாகச் சீராக ஏற்றுங்கள். நான்கு மணி நேரச் சோதனைக்கு மணிக்கு 6 முதல் 7 மி.லி. போதும். முதல் அடிப்படை மாதிரிக்கு முக்கால் மணி முன்பே தொடங்கி, கடைசிவரை வேகத்தை மாற்றாதீர்கள். தாயின் இரத்தத்தோடு அதன் இன்சுலினும் ஹார்மோன்களும் கொஞ்சம் வரும்; வேகம் ஒன்றாக இருந்தால் அந்தச் சிறு பாதிப்பு அடிப்படையிலும் கிளாம்பிலும் ஒன்றாகவே இருக்கும்.

அடிப்படை மாதிரிகள் மூன்று, பத்து நிமிட இடைவெளியில். ஒவ்வொரு முறையும் குழாயில் நிற்கும் கலப்பை முதலில் சுத்தமான சிரிஞ்சில் இழுத்து வைத்து, மாதிரியை வேறு சிரிஞ்சில் எடுத்து, கலப்பைத் திருப்பிச் செலுத்துங்கள். மூன்று மாதிரியின் குளுக்கோஸும் ஒட்டி இருக்க வேண்டும். ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ இருந்தால் தாய் இன்னும் நிலைக்கு வரவில்லை, காத்திருங்கள்.

7. போலஸ், பிறகு கிளாம்ப்

நேரம் பூஜ்யம்: போலஸை ஒரு நிமிடத்தில் செலுத்தி, உடனே பம்பை இணையுங்கள். 5, 10, 15, 20, 30 நிமிடங்களிலும், அதன் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் 0.3 மி.லி. எடுத்துக் குளுக்கோஸ் மட்டும் பாருங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் இலக்கைத் தாண்டி நிற்பது இயல்பு. அப்போது பம்பை நிறுத்தாதீர்கள். போலஸ் உடல் முழுதும் பரவியதும் அளவு தானே இறங்கும். நிறுத்தினால் இறக்கம் ஆழமாகும். திரும்ப ஏற்றினால் மறுபடி தாண்டும். இப்படி ஊசலாடும் கிளாம்பில் இன்சுலினும் ஊசலாடும். அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

20 நிமிடத்துக்குப் பிறகு திருத்தலாம். அளவு 2.0 என்றால் வேகத்தை 10 முதல் 15% கூட்டுங்கள். 2.8 என்றால் அதே அளவு குறையுங்கள். ஒரு திருத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடமாவது போகட்டும். நேரம், வாசிப்பு, பம்பின் புதிய வேகம் மூன்றையும் ஒரே தாளில் ஒருவரே எழுத வேண்டும்.

90, 105, 120 ஆகிய நிமிடங்களில் முழு மாதிரிகள், அதாவது குளுக்கோஸோடு இன்சுலினுக்கும் சேர்த்து. இந்த அரை மணியில் குளுக்கோஸ் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. இந்த நேரத்தில் பம்பைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

60ஆம் நிமிடத்தில் ஒரு வாயு மாதிரியைக் கட்டாயம் போடுங்கள். குளுக்கோஸும் இன்சுலினும் உயரும்போது கருவின் ஆக்சிஜன் செலவு கூடும். தமனி ஆக்சிஜன் இறங்கும், லாக்டேட் ஏறும். நலமான குட்டி தாங்கிக்கொள்ளும். வளர்ச்சி குன்றிய குட்டிக்கு மிச்சமிருக்கும் ஆக்சிஜனே கொஞ்சம். அமிலநிலைக்குப் போய் இறக்கவும் கூடும். அமிலகார அளவு விழத் தொடங்கினால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து முடித்துவிடுங்கள். சட்டென்று நிறுத்தினால், உயர்ந்து நிற்கும் இன்சுலின் கருவின் குளுக்கோஸைத் தாழ்த்திவிடும்.

8. ஆர்ஜினின்

120ஆம் நிமிட மாதிரி எடுத்ததும், டெக்ஸ்ட்ரோஸை நிறுத்தாமல், மற்ற சிரை வழியாக ஆர்ஜினினை மூன்று நான்கு நிமிடத்தில் மெதுவாகச் செலுத்துங்கள். அந்தக் குழாயின் கொள்ளளவையும் ஈடுகட்ட மறக்க வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் குழாயிலேயே தள்ளினால், அதில் நிற்கும் 1.5 மி.லி., அதாவது 495 மி.கி. குளுக்கோஸ், ஒரே மூச்சில் உள்ளே போகும். ஏறக்குறைய இன்னொரு போலஸ். வரும் இன்சுலின் உச்சி ஆர்ஜினினுடையதா, குளுக்கோஸுடையதா என்று பிறகு பிரிக்க வழியில்லை.

மாதிரிகள் 5, 10, 20, 30 நிமிடங்களில். உச்சி சீக்கிரம் வந்துபோகும் என்பதால் ஐந்தாம் நிமிட மாதிரி தவறக் கூடாது.

9. மாதிரிகளைக் காப்பது

எடுத்த உடனே பனிக்கட்டியில். சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். இருப்பதே 1 மி.மோல் என்னும்போது சிறு இழப்பும் பெரிது. 4 டிகிரியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, குளுக்கோஸையும் லாக்டேட்டையும் அப்போதே அளந்து, மீதியை −80 டிகிரியில் வையுங்கள்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி உண்டு. அந்த மாதிரியில் இன்சுலின் குறைத்துத்தான் வரும். சிரிஞ்சை வேகமாக இழுப்பதும், மெல்லிய ஊசி வழியாகக் குழாய்க்குள் பீய்ச்சுவதும்தான் வழக்கமான காரணங்கள். நார்எபிநெஃப்ரினுக்கான பங்கைத் தனியாக EGTA, குளூட்டதயோன் சேர்த்த குழாயில் எடுங்கள்; இல்லாவிட்டால் அது ஆக்சிஜனேற்றத்தில் அழிந்துபோகும்.

இன்சுலின் அளவீட்டுக்குச் செம்மறி இன்சுலினைத் தரமாக வைத்த எலைசா (எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் தொகுப்பு) வேண்டும். செம்மறி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து நான்கு அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. மனிதத் தொகுப்பில் ஓட்டினால் ஏதோ ஓர் எண் வரும்; அது எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே விலங்கின் எல்லா மாதிரிகளும் ஒரே தட்டில் ஓடட்டும்.

10. எண்களைப் படிப்பது

குளுக்கோஸுக்கும் ஆர்ஜினினுக்கும் இன்சுலின் நன்றாக ஏறினால் சிக்கலில்லை. குளுக்கோஸுக்கு மந்தம், ஆர்ஜினினுக்கு நல்ல ஏற்றம் என்றால் கணையத்தில் இன்சுலின் இருப்பு இருக்கிறது, குளுக்கோஸை உணர்ந்து செயல்படும் பாதையில்தான் தடை. இரண்டுக்கும் மந்தம் என்றால் இரண்டு வாய்ப்புகள்: பீட்டா செல்லோ அதில் உள்ள இன்சுலினோ குறைவு, அல்லது நார்எபிநெஃப்ரின் அடக்கி வைத்திருக்கிறது. நார்எபிநெஃப்ரின் உயர்ந்திருந்தால், ஓரிரு நாள் கழித்து அட்ரினெர்ஜிக் ஏற்பிகளை (நார்எபிநெஃப்ரின் செயல்படும் ஏற்பிகள்) மருந்தால் தடுத்துக்கொண்டு இதே கிளாம்பை மறுபடி செய்தால்தான் இவற்றைப் பிரித்தறிய முடியும்.

இரண்டு தவறான முடிவுகள் அடிக்கடி வருகின்றன.

வளர்ந்த விலங்கின் கிளாம்பில், ஏற்றிய குளுக்கோஸின் வேகத்தை உடல் செலவழித்த வேகமாக எடுத்துக்கொள்வார்கள். கருவில் அது செல்லாது. கருவின் குளுக்கோஸ் ஏறியதும், தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வருவது குறையும். அந்தக் குறைவையும் பம்ப்தான் ஈடு செய்கிறது. ஆகவே பம்பின் வேகத்தை வைத்து இன்சுலின் உணர்திறனைச் சொல்லக் கூடாது. அது வேண்டுமென்றால் தொப்புள் சிரையிலும் கதீட்டர் வைத்து, இரத்த ஓட்டத்தையும் அளந்து, தொப்புள் வழி வரவைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

மற்றொன்று: பிளாஸ்மா இன்சுலின் என்பது சுரப்பும் அகற்றலும் சேர்ந்த விளைவு. ஒரு குழுவில் இன்சுலின் வேகமாக அகற்றப்பட்டால், சுரப்பு ஒன்றாக இருந்தும் அளவு குறைவாகத் தெரியும். வித்தியாசம் சிறியதாக இருந்தால் அகற்றல் வேகத்தை அளக்காமல் "சுரப்பு குறைவு" என்று எழுத வேண்டாம்.

11. இறுதிப் பரிசோதனையில்

கருக்குட்டியை எடை போட்டு, போலஸ், தொடர் ஏற்றம், ஆர்ஜினின் மூன்றையும் உண்மையான எடைக்குத் திருப்பிக் கணக்கிடுங்கள். வளர்ச்சி குன்றிய குட்டியை 3 கிலோ என்று மதிப்பிட்டு, எடை போட்டால் 1.8 கிலோ வருவது நடக்கக்கூடியதே. அப்படியானால் அது பெற்ற ஆர்ஜினின் கிலோவுக்கு 0.83 மி.மோல். அந்த ஏற்றத்தை மற்றவற்றோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. சோதனைக்குப் பிறகு நாட்கள் கடந்திருந்தால் அந்த நாட்களின் வளர்ச்சியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கதீட்டரின் நுனியும் எங்கே நிற்கிறது என்று திறந்து பாருங்கள். நழுவி வேறு இடத்தில் கிடந்தால் அந்தச் சோதனையைச் சேர்க்க வேண்டாம். கணையத்தை உடனே எடுத்து, எடை பார்த்து, ஒரு பங்கை அமில எத்தனாலில் இட்டு இன்சுலின் இருப்பை அளக்கவும், ஒரு பங்கைத் திசுவெட்டுக்கு நிலைப்படுத்தவும் பிரித்து வையுங்கள். செரிமான நொதிகள் நிறைந்த உறுப்பு அது. தாமதித்தால் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும்.